கடைசி ஏற்றத்துக்கு ஏற்ற சைக்கிள்

நான் வேலைக்குப் போகும் வழி ஒன்பது கிலோமீட்டர். திரும்பி வரும்போது அதில் கடைசி ஒன்றேகால் கிலோமீட்டர் ஏற்றம். காரில் போகிறவர்களுக்கு அது ஏற்றமாகவே தெரியாது. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர்தான் உயர்கிறது. நாள் முழுவதும் உழைத்துவிட்டு, தோளில் பையோடு மிதித்து வருகிறவளுக்குத்தான் அதன் கனம் தெரியும். என்னுடைய முதல் மின்சார சைக்கிள் ஒரு மாலையில் அந்த ஏற்றத்தின் நடுவில் நின்றுபோனது.

நின்ற விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் திரையில் பேட்டரிக்கு இரண்டு கோடுகள் இருந்தன. சிறிது தூரம் ஏறியதும் இரண்டு ஒன்றானது. அடுத்த சில நொடிகளில் திரையே அணைந்துவிட்டது. மோட்டார் ஓய்ந்ததும் 24 கிலோ வண்டியின் முழுப் பாரமும் என் முழங்காலுக்கு வந்தது. இறங்கி, ஓரமாக நிறுத்தி, பொத்தானை அழுத்தினேன். திரை வந்தது, மறுபடியும் இரண்டு கோடுகள்! நம்பி ஏறி மிதித்தேன். இருபது மீட்டர் போவதற்குள் மறுபடியும் இருட்டு. மூன்று முறை இப்படி நடந்தது. பிறகு வீடு வரை தள்ளிக்கொண்டுதான் போனேன். வண்டி வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

மின்சார சைக்கிள் என்று நான் சொல்வது, நாம் மிதிக்க மிதிக்க மோட்டாரும் சேர்ந்து உதவும் சைக்கிளை. மின்சார ஸ்கூட்டர் வேறு. அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. சைக்கிள் வாங்க நினைக்கிறவர்கள், குறிப்பாக வழியில் ஏற்றம் உள்ளவர்கள், நான் பட்டதைப் படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மோட்டார் கெட்டுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். விற்ற கடைக்காரரும் அதையே சொல்லி, மோட்டாரை மாற்ற வேண்டும் என்றார். மனம் ஒப்பாமல், மின்சார வண்டிகளை மட்டும் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் மோட்டார் பக்கமே போகவில்லை. பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரின் ஊசிகளைப் பொருத்தினார். 34.2 வோல்ட் என்று காட்டியது. பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, மோட்டாரை ஓடவிட்டு, ஒரு மரக்கட்டையால் டயரை அழுத்தினார். ஏற்றத்தில் வண்டி திணறுவது போலச் சக்கரம் திணறியது. மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. 33, 32, 31.3. அந்த இடத்தில் திரை அணைந்தது. கட்டையை எடுத்ததும் மீட்டர் மெல்ல 34-க்கு ஏறியது.

"மோட்டாரில் ஒரு குறையும் இல்லை அம்மா. பேட்டரிக்குத்தான் மூச்சு வாங்குகிறது" என்றார்.

அவர் அன்று சொல்லித் தந்ததை நான் ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறேன். 36 வோல்ட் பேட்டரி என்பது ஒரே பொருள் அல்ல. உள்ளே விரலளவு லித்தியம் அயான் செல்கள், பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை, வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பத்து செல்களைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட். முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், மொத்தம் 42. மிகவும் கீழே இறங்கினால் செல்கள் கெட்டுவிடும் என்பதால், ஏறக்குறைய 31-க்கு வந்ததுமே உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றோ வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டியோ மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சமதளத்தில் மோட்டார் கொஞ்சமாகத்தான் மின்சாரம் இழுக்கும். ஏற்றத்தில் 12 ஆம்பியர் வரை இழுக்கும். அப்படி இழுக்கும்போது பேட்டரியின் வோல்ட் தற்காலிகமாகச் சரியும். செல்கள் பழையதாக ஆக, மலிவானதாக இருக்க, இந்தச் சரிவும் பெரிதாகும். என் வண்டியில் இணையாக மூன்று வரிசைகள், ஆக மொத்தம் 30 செல்கள். 12 ஆம்பியரை மூன்று வரிசைகள் பங்கிட்டால் ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு. நான்கு வரிசை இருந்திருந்தால் தலைக்கு மூன்றுதான் வந்திருக்கும். பெரிய பேட்டரி அதிக தூரம் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏற்றத்தில் தளராமல் நிற்கும் என்பதை எனக்கு எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை.

திரையில் தெரியும் கோடுகளை நம்பக் கூடாது என்பதும் அன்றுதான் புரிந்தது. மலிவான வண்டிகளில் அந்தக் கோடுகள் வோல்ட்டை மட்டும் பார்த்துச் சொல்கின்றன. ஏறும்போது குறையும், நிற்கும்போது கூடும். வாய்ப்பிருந்தால் சதவீதமாகவோ வோல்ட்டாகவோ எண்ணில் காட்டும் திரையைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் வண்டியை வாங்கியபோது நான் பார்த்தவை மூன்று: அழகு, மோட்டாரின் வாட், "60 கிலோமீட்டர் ஓடும்" என்று அச்சிட்டிருந்த அட்டை. பார்க்காதது ஒன்றுதான், பேட்டரியின் கொள்ளளவு. பேட்டரியின் மேல் வோல்ட்டும் ஆம்பியர் மணியும் எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட் மணி, அதுதான் கொள்ளளவு. என்னுடையது 36 வோல்ட், 7.8 ஆம்பியர் மணி. பெருக்கினால் 281 வாட் மணி. இதை 60-ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு ஐந்து வாட் மணிகூட இல்லை. எடை குறைந்த ஒருவர், காற்றில்லாத சமதளத்தில், மோட்டாரின் உதவியை மிகக் குறைந்த அளவில் வைத்து, பெரும்பாலும் தன் காலால் மிதித்தால் வருகிற கணக்கு அது. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது என் கணக்கு அல்ல. நான் உதவியை உச்சத்தில் வைத்து ஓட்டினேன். எனக்குக் கிலோமீட்டருக்கு 14 வாட் மணி செலவாகியது. ஒரு நாளுக்கு 18 கிலோமீட்டர் என்றால் 252. வண்டி புதிதாக இருந்தபோது எப்படியோ வீடு வந்து சேர்ந்தது. எட்டு மாதத்தில் பேட்டரி கொஞ்சம் தளர்ந்ததும் கணக்கு உடைந்தது. அது உடைய வேண்டிய இடம் அந்த ஏற்றம்தான். நாளின் கடைசியில், பேட்டரியின் கடைசியில், மிக அதிகமான பாரம்.

எனவே இரண்டாவது முறை கடைக்குப் போவதற்கு முன் என் பாதையை அளந்தேன். கைப்பேசியில் இருக்கும் வரைபடச் செயலியே தூரத்தையும் உயரத்தையும் காட்டிவிடும். என் ஏற்றம் அறுபது மீட்டர் சொச்சம் உயர்கிறது. நான், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 93 கிலோ. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் அதை ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் 150 வாட் வேண்டும். சக்கரத்தின் உராய்வும் காற்றும் சேர்த்தால் 190-ஐத் தொடும். பயிற்சி இல்லாத, ஆரோக்கியமான ஒருவர் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது 75 முதல் 100 வாட் வரைதான். மீதியை மோட்டார் தர வேண்டும். இதைப் பார்த்த பிறகு ஒன்று தெளிவானது: 250 வாட் மோட்டார் எனக்குப் போதும். 500, 750 என்று எண்களைக் காட்டி விற்கிறவர்களிடம் இனி மயங்க வேண்டியதில்லை. எண்கள் எழுதுவதிலும் ஒரு விஷயம் உண்டு. சிலர் தொடர்ந்து தரும் திறனை எழுதுகிறார்கள், சிலர் சில நொடிகளுக்கு மட்டும் தரக்கூடிய உச்சத் திறனை எழுதுகிறார்கள். எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேட்டரிக்கு நான் வைத்த விதி, ஒரு நாள் தேவையைப் போல் இரண்டு மடங்கு. எதிர்க்காற்று, குளிர், மூன்று நான்கு வருடத் தேய்மானம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. லித்தியம் அயான் பேட்டரிகள் பொதுவாக 500 முதல் 1,000 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு கணிசமாகத் தளர்ந்துவிடுகின்றன. அப்போதும் வண்டி என்னை வீட்டில் சேர்க்க வேண்டும். 252-இன் இரு மடங்கு 504. 36 வோல்ட், 14 ஆம்பியர் மணி பேட்டரியின் கொள்ளளவும் சரியாக 504. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு தேடினேன்.

மோட்டார் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் அதிகம் குழம்பினேன். சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடத்துக்குள்ளேயே மோட்டாரை வைப்பது ஒரு வகை. இது பழைய யோசனை. 1895-இல் அமெரிக்காவில் ஆக்டன் போல்ட்டன் என்பவர் பெற்ற காப்புரிமையிலேயே மோட்டார் பின் சக்கரத்தின் குடத்தில்தான் இருக்கிறது. இன்னொரு வகை, மிதிகள் சேரும் கிராங்க் அச்சில் மோட்டாரை வைக்கும் மிட் டிரைவ். குடத்து மோட்டாருக்கு ஒரே ஒரு கியர்தான். வண்டி மெல்லப் போனால் மோட்டாரும் மெல்லத்தான் சுற்றும். மெல்லச் சுற்றிக்கொண்டே முழு பலத்தையும் கொடுக்கும்போது மின்சாரம் சூடாக வீணாகிறது. நீண்ட செங்குத்தான ஏற்றத்தில் மோட்டாரே கொதித்துவிடும். மிட் டிரைவ் அப்படி இல்லை. அதன் பலம் செயின் வழியாகப் போவதால், நாம் கியரைக் குறைத்தால் மோட்டாருக்கும் சுமை குறைகிறது. ஒரு மிட் டிரைவ் வண்டியை என் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். அவ்வளவு இலகுவாக அந்த ஏற்றத்தை நான் ஏறியதே இல்லை.

இருந்தும் அதை வாங்கவில்லை. மோட்டாரின் பலமும் என் பலமும் ஒரே செயினில் இறங்குவதால் செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும். மோட்டார் கெட்டால் அந்தத் தயாரிப்பாளரின் உதிரிப் பாகம் வரும்வரை வண்டி நிற்கும். என் ஏற்றம் ஐந்து சதவீதம்தான். எட்டு, பத்து சதவீத ஏற்றம் உள்ளவர்கள் தயங்காமல் மிட் டிரைவ் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. எனக்குக் குடத்து மோட்டார் போதுமானதாக இருந்தது. அதிலும் உள்ளே சிறு பல்சக்கரங்கள் கொண்ட வகையைத் தேர்ந்தேன். மின்சாரம் இல்லாதபோது அது தானாக விலகிக்கொள்வதால் சாதாரண சைக்கிள் போல மிதிக்க முடியும். பல்சக்கரம் இல்லாத நேரடி வகை சத்தமில்லாதது, உறுதியானது. ஆனால் அணைந்த நிலையில் காந்தம் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். நடுவழியில் மின்சாரம் போன அனுபவம் உள்ளவள் அதை வாங்குவதற்கில்லை.

மோட்டாரைவிட என் மனதை மாற்றியது சென்சார். முதல் வண்டியில் மிதி சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் சென்சார் இருந்தது. கிராங்க் அருகே சிறு காந்தங்கள் பதித்த ஒரு வளையம், அதை எண்ணும் ஒரு கருவி, அவ்வளவுதான். ஏற்றத்தில் நின்று புறப்படும்போது அரைச் சுற்று என் காலாலேயே மிதித்த பிறகுதான் மோட்டார் விழித்துக்கொள்ளும். விழித்ததும் முழு வேகத்தில் பாயும். ஒரு நாள் சிக்னலில் மெல்ல நகர்வதற்காக மிதித்தபோது வண்டி துள்ளி, முன்னால் சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் காலருகே போய் நின்றது. பிரேக் நெம்புகோலைத் தொட்டவுடன் மோட்டாரைத் துண்டிக்கும் சுவிட்ச் இருந்ததால் தப்பித்தோம். அந்த நடுக்கம் வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. விசை சென்சார் உள்ள வண்டி அப்படிச் செய்யாது. மிதியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அளந்து, அதற்கு ஏற்ப உதவும். மெல்ல மிதித்தால் மெல்ல, ஊன்றி மிதித்தால் ஊன்றி. 1993-இல் ஜப்பானில் யமஹா விற்பனைக்குக் கொண்டுவந்த, மிதிக்கு உதவும் சைக்கிளின் அடிப்படை எண்ணமே இதுதான். விசை சென்சார் உள்ள வண்டியின் விலை கூடுதலாகத்தான் இருக்கும். வேறு எதையாவது குறைத்துக்கொண்டாவது இதை வாங்குங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். பேட்டரியும் மிஞ்சுகிறது. எனக்கு 14-ஆக இருந்த செலவு புதிய வண்டியில் கிலோமீட்டருக்கு 11 வாட் மணியாகக் குறைந்தது.

கடையின் முன்னால் இருக்கும் சமமான சாலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாங்கக் கூடாது. கடைக்காரர் சங்கடப்பட்டாலும் பரவாயில்லை, ஏற்றம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோக அனுமதி கேளுங்கள். வேலைக்கு எடுத்துப்போகும் பையை அதே கனத்தோடு கேரியரில் வைத்துக்கொண்டேன். ஏற்றத்தின் நடுவில் வேண்டுமென்றே நின்று, கனமான கியரிலேயே புறப்பட்டுப் பார்த்தேன். மிதிப்பதைச் சட்டென்று நிறுத்தி, எவ்வளவு நேரத்தில் மோட்டார் ஓய்கிறது என்று கவனித்தேன். இறக்கத்தில் இரு பிரேக்குகளையும் தனித்தனியே பிடித்துப் பார்த்தேன். இவ்வளவு கனமான வண்டிக்கு எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் எவ்வளவு ஆறுதல் என்பது அப்போதுதான் தெரிந்தது. கடைசியாக மோட்டாரை முழுவதும் அணைத்துவிட்டு ஒரு கிலோமீட்டர் மிதித்தேன். பேட்டரி தீர்ந்த நாளில் எப்படி வீடு சேருவேன் என்பதற்கு அந்த ஒரு கிலோமீட்டர்தான் பதில்.

ஒரு கடையில் விற்பனையாளர், "இதில் 25 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு இருக்கிறது மேடம், வேண்டுமானால் நீக்கித் தருகிறோம்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் மின்சார சைக்கிளுக்கு 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற எல்லைகள் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேகத்தையும், மிதிக்காமலே மோட்டார் ஓடுமா என்பதையும் வைத்து மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லையைத் தாண்டினால் சட்டத்தின் பார்வையில் அது சைக்கிளாக இல்லாமல் மோட்டார் வாகனமாகிவிடக்கூடும். பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் கேள்விக்குள்ளாகும். வேகம் பேட்டரியையும் தின்றுவிடும். காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. சமதளத்தில் 15 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறக்குறைய 60 வாட் போதும். 25-க்கு அதைப் போல் மூன்று மடங்கு வேண்டும்.

எடை பற்றி ஆண்கள் எழுதும் குறிப்புகளில் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்குள் போக ஏழு படிகள். 24 கிலோ வண்டியைத் தினமும் தூக்குவது என்னால் முடியாது. என் கணவர் ஊரில் இல்லாத வாரங்களில் முதல் வண்டி வெளியில் மழையில்தான் நின்றது. அதன் பேட்டரி சட்டத்துக்குள் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்ததால் சார்ஜ் செய்யவும் வண்டியையே உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. அலுவலகத்திலும் அதே சிக்கல். இந்த முறை சாவியால் கழற்றி எடுக்கக்கூடிய பேட்டரி வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். மூன்று கிலோ சொச்சம். கைப்பிடியோடு இருந்தால் பையோடு பையாகத் தூக்கிப் போகலாம். பேட்டரி இல்லாத வண்டியைக் கடையிலேயே இரண்டு முறை தூக்கிப் பார்த்தேன். நடுக்குழாய் தாழ்ந்த சட்டம் எடுத்ததும் நல்லதாகப் போயிற்று. பின்னால் மூட்டை இருக்கும்போது காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தள்ளிக்கொண்டு நடக்கும்போது மோட்டார் மெல்ல உதவும் நடை வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்தளத்தில் ஏற்றுவதற்கு அது பெரிய உதவி.

பேட்டரியை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, "இதே பேட்டரி நான்கு வருடம் கழித்துக் கிடைக்குமா?" என்பது. பேட்டரிதான் இந்த வண்டியின் விலையுயர்ந்த, முதலில் தேயும் உறுப்பு. வேறெங்கும் கிடைக்காத வடிவத்தில் அதைச் செய்திருந்து, தயாரிப்பாளர் கடையை மூடிவிட்டால், நல்ல வண்டி வெறும் இரும்பாகிவிடும். செல் யாருடையது, உத்தரவாதம் பேட்டரிக்குத் தனியாக எத்தனை ஆண்டு, எவ்வளவு கொள்ளளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். பாதுகாப்புச் சான்றையும் விடவில்லை. ஐரோப்பாவின் ஈ.என். 15194, அமெரிக்காவின் யூ.எல். 2849 போன்ற தரநிலைகள் மின்சார சைக்கிளுக்கென்றே இருக்கின்றன. தரமற்ற பேட்டரிகளால் நேர்ந்த தீ விபத்துகளுக்குப் பிறகு, நியூயார்க் நகரம் 2023-இல் இத்தகைய சான்று இல்லாத வண்டிகளையும் பேட்டரிகளையும் விற்பதையே தடை செய்தது.

புதிய வண்டி வாங்கிய முதல் மாதமே பின் சக்கரத்தில் பஞ்சர். இதை யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. அந்தச் சக்கரத்துக்குள் மோட்டார் இருக்கிறது. அதிலிருந்து ஒரு தடித்த கம்பி அச்சின் வழியாக வெளியே வந்து சட்டத்தோடு ஓடுகிறது. பஞ்சர் ஒட்டுகிறவர் சக்கரத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். பழுது பார்க்கும் பெரியவரிடமே போனேன். அவர் செய்ததை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மோட்டார் கம்பியின் இணைப்பைத் தேடி, அதில் எதிரெதிராக இருந்த இரண்டு அம்புக்குறிகளை எனக்குக் காட்டினார். திருகாமல், நேராக இழுத்துக் கழற்றினார். பிறகு அச்சின் இரு பக்க நட்டுகளையும் பெரிய ஸ்பேனரால் தளர்த்தினார். உள்ளே நாக்கு வைத்த ஒரு வாஷர் இருந்தது. "இதை மட்டும் தொலைத்துவிடக் கூடாது அம்மா. இது இல்லாவிட்டால் மோட்டாரின் முறுக்கில் அச்சே சுழன்று கம்பியை அறுத்துவிடும்" என்று சொல்லி, அதை என் உள்ளங்கையில் வைத்தார். திரும்பப் பொருத்தும்போது நாக்கு சட்டத்தின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே நட்டை இறுக்கினார். கம்பி அச்சுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலே ஏறும்படி விட்டார். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்; மோட்டாருக்குள் போகாது.

அன்றைக்கே அந்த அளவு ஸ்பேனர் ஒன்றை வாங்கிக்கொண்டேன்; சக்கரத்தைக் கழற்றாமல் டியூபை மட்டும் வெளியே எடுத்து ஒட்டும் முறையையும் கற்றுக்கொண்டேன். வாங்குவதற்கு முன்பே, "பின் சக்கரம் பஞ்சரானால் யார் பார்ப்பார்கள்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே விற்ற பிறகு உங்களை எப்படி நடத்துவார் என்பது தெரிந்துவிடும்.

900 கிலோமீட்டரில் பின் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று அறுந்தது. மோட்டார் இருப்பதால் குடம் பெரிது, கம்பிகள் குட்டை, இழுவிசை அதிகம். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டரில் கம்பிகளை ஒருமுறை இறுக்கிச் சரிபார்த்திருந்தால் அது அறுந்திருக்காது. இலவசமாகக் கிடைத்த முதல் சர்வீஸை வேலை நெருக்கடியில் தவறவிட்டது என் பிழை.

சார்ஜ் செய்வதில் சில பழக்கங்களை வைத்திருக்கிறேன். வண்டியோடு வந்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்துகிறேன். தூங்கும் நேரத்திலும், யாரும் வீட்டில் இல்லாதபோதும் செருகி வைப்பதில்லை. வாசற்கதவுக்கு அருகே வைப்பதில்லை. ஏதாவது நேர்ந்தால் வெளியேறும் வழி அதுதான். ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு செருகாமல் அரை மணி நேரம் ஆறவிடுகிறேன். கடும் குளிரில், உறைநிலைக்குக் கீழே, லித்தியம் செல்களைச் சார்ஜ் செய்யவே கூடாது. நீண்ட விடுமுறைக்குப் போனால் பாதி அளவில் விட்டுப் போகிறேன். முழுதாக நிரப்பி வைப்பதும் முழுதாகத் தீர்த்து வைப்பதும் செல்களுக்குக் கெடுதல். ஒருமுறை என் மகள் கையிலிருந்து பேட்டரி படியில் விழுந்துவிட்டது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அதைச் சார்ஜ் செய்யாமல், திறந்த இடத்தில் ஒரு நாள் வைத்திருந்து, பழுது பார்க்கிறவரிடம் காட்டிய பிறகே பயன்படுத்தினேன். விழுந்த பேட்டரி, உப்பிய பேட்டரி, வாசனை வரும் பேட்டரி ஆகியவற்றில் துணிச்சல் வேண்டாம்.

இன்னொரு சிறு கருவியையும் சொல்ல வேண்டும். சார்ஜருக்கும் சுவருக்கும் நடுவே செருகி, எத்தனை யூனிட் போனது என்று காட்டும் மீட்டர். வண்டி வாங்கிய வாரம், பேட்டரியை ஏறக்குறைய முழுதும் தீர்த்து நிரப்பியபோது 0.57 யூனிட் காட்டியது. இரண்டு வருடம் கழித்து அதே சோதனையில் 0.51. பத்தில் ஒரு பங்கு போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இப்போதும் ஒரு நாள் ஓட்டத்துக்கு 200 வாட் மணி போதுமாக இருப்பதால் கவலையில்லை. பழைய மின்சார சைக்கிள் வாங்குகிறவர்களும் இதே மீட்டரை எடுத்துப் போகலாம். விற்கிறவர் சொல்லும் கிலோமீட்டரைவிட அது காட்டும் எண்ணை நம்பலாம்.

முதல் வண்டியை என்ன செய்தாய் என்று பலர் கேட்டார்கள். பழுது பார்க்கும் பெரியவர் வழியாக ஒருவர் வந்தார். ஏற்றத்தில் நிற்கும், பேட்டரி தளர்ந்திருக்கிறது, மிதித்ததும் துள்ளும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போய்வருவது மொத்தம் ஆறு கிலோமீட்டர், முழுவதும் சமதளம். வீட்டின் தரைத்தளத்திலேயே நிறுத்த இடம் இருக்கிறது. பாதையைச் சுற்றிக் காட்டச் சொல்லி, அவரோடு கூடவே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். போன வாரம் வழியில் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு முறை சார்ஜ் செய்வதாகவும், இதுவரை ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை என்றும் சொன்னார். பின் சக்கரத்து நட்டுகளை எப்போது கடைசியாகச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். இடது பக்க நட்டு கால் சுற்று இறங்கியது.